ஆற்றில் போட்டதும் குளத்தில் எடுத்ததும்

‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்ற பழமொழியைத் தமிழகம் முழுவதும் அறிவீனத்துக்கு உவமையாகச் சொல்வார்கள். விருத்தாசலத்துக்காரர்கள் மட்டும் அதைச் சற்றுத் தயங்கித்தான் சொல்வோம். ஏனென்றால் அந்த ஆறு எங்களுடையது. திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையில் சிறுவயது முதலே எனக்குப் பிடித்தமான இடம் வேறொன்று. ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் பொன்னிலிருந்து ஒரு மச்சம் வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்கையில் மாற்றுக் குறைந்திருக்கிறது. மறுபடியும் பாடுகிறார், மாற்றுச் சரியாகிறது. மாற்றுரைத்த பிள்ளையார் என்ற பெயர் அந்தக் குளக்கரையில் வழங்குவது இதனால்தான்.

ஓரிடத்தில் இழந்ததை வேறோரிடத்தில் பெறலாம். ஆனால் இழந்தது எந்த மாற்றோ, பெறுவதும் அதே மாற்றாக இருக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை விதியும் ஏறக்குறைய இதுதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. ஈட்டுறுதி என்று அதற்குப் பெயர். அந்த விதியின் வயிற்றில் பிறந்த இன்னொரு விதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஆங்கிலச் சட்டப் புத்தகங்கள் அதைச் சப்ரோகேஷன் என்கின்றன. ஒருவருடைய இடத்தில் இன்னொருவரைத் தேர்ந்து அமர்த்துவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். நான் எனக்குள் ‘இடமேற்பு’ என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

விஷயம் சுருக்கமானது. என் பொருளை ஒருவர் சேதப்படுத்துகிறார். காப்பீட்டு நிறுவனம் எனக்கு நஷ்ட ஈடு தந்துவிடுகிறது. தந்த அக்கணமே, சேதப்படுத்தியவரிடம் நான் கேட்டிருக்கக்கூடிய ஈட்டைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு வந்துசேர்கிறது. அது என் இடத்தில் ஏறி நிற்கிறது. புதிய உரிமை எதுவும் பிறப்பதில்லை. என்னிடம் இருந்தது, அதன் குறைகளோடு சேர்ந்தே கைமாறுகிறது. நான் எவ்வளவு கேட்கமுடியுமோ அவ்வளவுதான் அதுவும் கேட்கமுடியும். என்னிடம் எதிராளி என்ன பதில் சொல்லலாமோ அதையே அதனிடமும் சொல்லலாம்.

*

புத்தகத்தில் படித்தால் இவ்வளவுதான். எனக்கு இது புத்தகத்தின் வழியாக வரவில்லை. உடைந்த பீங்கானின் வழியாக வந்தது.

எங்கள் ஊரைப் பீங்கான் நகரம் என்பார்கள். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்றுத்தரும் அரசுப் பயிலகமும் இங்கே இருக்கின்றன. பெரிய நிறுவனங்களைவிடச் சிறு பட்டறைகளே அதிகம். களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, உலர்த்தி, மெருகுக் குழம்பில் முக்கிச் சூளையேற்றுவார்கள். அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, கையடக்கப் பிள்ளையார் பொம்மை, வீடுகளில் மீட்டர் பெட்டிக்கருகே இருக்குமே அந்த வெள்ளை ஃப்யூஸ் கட்டை. இவையெல்லாம் எங்கள் ஊர்ச் சரக்கு. சூளையிலிருந்து உருப்படியாக வெளியே வருவது பாதிக் கிணறு. மீதிக் கிணறு, உடையாமல் ஊர்போய்ச் சேர்வது. வைக்கோல் வைத்துக் கட்டுகிற ஆளின் கைப்பக்குவத்தில்தான் பட்டறைக்காரரின் லாபம் இருக்கிறது.

என் சித்தப்பா அப்படியொரு சிறு பட்டறை வைத்திருந்தார். பல வருடங்களுக்கு முன், சென்னைக்குப் போன அவருடைய சரக்கு உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் லாரியோடு கவிழ்ந்தது. எண்பதாயிரம் ரூபாய்ச் சரக்கு. பெரும்பாலும் ஃப்யூஸ் கட்டைகள், கொஞ்சம் பொம்மைகள். தேறியது ஒன்றுமில்லை. பயணத்தில் நேரும் சாதாரண உடைசலுக்குப் பணம் தராத பாலிசி அது. ஆனால் வண்டி கவிழ்ந்தால் தரும். சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், எண்ணினார், கழித்தார். அறுபதாயிரம் என்று முடிவாயிற்று.

லாரி ஆபீஸ்காரர் சித்தப்பாவுக்குப் பழக்கமானவர். பழக்கம் என்பதுகூடச் சரியான சொல் அல்ல. பட்டறை தொடங்கிய வருடம் வாடகைப் பணம் கேட்காமல் மூன்று மாதம் சரக்கேற்றியவர். விபத்து நடந்த இரண்டாம் நாள் நேரில் வந்து, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். ஓட்டுநர் பையனுக்குக் காலில் எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தான். சித்தப்பா அவரை உட்காரவைத்து, “வண்டின்னா கவுறத்தான் செய்யும். உசுருக்கு ஒண்ணுமில்லேல்ல, விடுங்க. உங்ககிட்ட நான் எதுவும் கேக்கறதா இல்லை” என்று சொல்லி அனுப்பினார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதப் படிவம் வந்தது. முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து கையெழுத்திட்டு அனுப்பினால்தான் காசோலை வரும். படித்துச் சொல்லும் வேலை எனக்கு. லாரிக்காரரிடம் சித்தப்பாவுக்குள்ள உரிமைகள் அனைத்தும் நிறுவனத்தைச் சேரும். தேவைப்பட்டால் சித்தப்பாவின் பெயரிலேயே நிறுவனம் வழக்குப் போடலாம். அதற்கு அவர் ஒத்துழைக்கவேண்டும். வசூலாகும் தொகையில் நிறுவனம் கொடுத்தது முதலில் கழிக்கப்படும். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி லாரிக்காரரோடு சமாதானம் செய்துகொள்ளவோ அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவோ கூடாது. இவ்வளவையும் தமிழில் சொல்லி முடித்ததும் சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“பணம் கொடுக்கறாங்க, சரி. எனக்கு அவரு மேல இல்லாத கோவத்தை எங்கிட்டேர்ந்து எப்படித் தம்பி வாங்கிப்பாங்க?”

இதைவிடச் சரியான கேள்வியை நான் இன்றுவரை எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

*

சட்டத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இடமேற்பு இல்லாத உலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே இரண்டில் ஒன்று நடக்கும். பொருளை இழந்தவர் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒருமுறை, சேதம் செய்தவரிடம் ஒருமுறை என இரண்டுமுறை வாங்குவார், இழப்பே லாபமாகிவிடும். அல்லது சேதம் செய்தவர் எதுவும் தராமல் தப்பிப்பார்; இழந்தவர் முன்யோசனையோடு வருடாவருடம் கட்டிய பிரீமியத்தின் பலன் தவறு செய்தவருக்குப் போய்ச்சேரும். இரண்டும் தகாதவை.

1883இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் வாசலை அடைத்தது. காஸ்டலேன் எதிர் பிரஸ்டன் என்ற வழக்கு. ஒருவர் தம் வீட்டை 3,100 பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்கிறார். கிரயம் முடியுமுன் வீட்டில் தீப்பற்றுகிறது. காப்பீட்டு நிறுவனம் 330 பவுன் கொடுக்கிறது. பிறகு வாங்குபவர் பேசிய முழுத்தொகையையும் கொடுத்துக் கிரயத்தை முடிக்கிறார். விற்றவருக்கு இழப்பே இல்லை. 330 பவுன் கையில் மிச்சம். அதைத் திருப்பித் தரவேண்டும் என்பது தீர்ப்பு. உரைகல்லில் மாற்றுக் கூடிப்போயிருந்தது என்று நம்மூர்க் கதையின் மொழியில் சொல்லலாம்.

இந்தியச் சட்டங்களிலும் இந்தக் கொள்கை பல இடங்களில் பரவிக் கிடக்கிறது. கடல்சார் காப்பீட்டுக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79ஆம் பிரிவு. அடமானச் சொத்தின்மீது இன்னொருவரின் கடனைத் தீர்த்தவருக்குச் சொத்துமாற்றுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 140, 141ஆம் பிரிவுகள். ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கானவை. மைத்துனருக்காக ஜாமீன் போட்டு, அவர் கட்டாத கடனைக் கட்டித் தீர்த்தவர் நம்மில் எத்தனையோ பேர். அப்படிக் கட்டியவர் வெறும் ஏமாளி அல்லர். கடன் கொடுத்தவரின் இடத்துக்கு அவர் வந்துவிடுகிறார் என்கிறது சட்டம். கடன் கொடுத்தவரிடம் அந்தக் கடனுக்கு ஈடாக ஏதேனும் இருந்தால் அதன் பலனும் ஜாமீன்தாரைச் சேரும். அப்படியோர் ஈடு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சட்டத்திலேயே ஓர் உதாரணம் வருகிறது. குடித்தனக்காரர் ஒருவருக்கு 2,000 ரூபாய் கடன் கொடுத்தவர், ஜாமீனும் வாங்கி, குடித்தனக்காரரின் மேசை நாற்காலிகளையும் அடமானமாக எழுதிக்கொள்கிறார். பிறகு அந்த அடமானத்தை அவரே ரத்து செய்துவிடுகிறார். குடித்தனக்காரர் நொடித்துப்போனால், அந்தச் சாமான்களின் மதிப்பளவுக்கு ஜாமீன்தார் விடுபடுகிறார்.

இந்த உதாரணத்தைச் சித்தப்பாவின் படிவத்தோடு சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு வெளிச்சமாயிற்று. இரண்டிலும் தடை செய்யப்படுவது ஒன்றே: தாராளம். நாளை இன்னொருவர் வந்து நிற்கப்போகும் இடத்தை இன்று நான் பெருந்தன்மையாகக் காலிசெய்துவிடக் கூடாது. நான் மன்னித்துவிட்டால், என் இடத்தில் ஏறி நிற்பவருக்குக் காலடியில் தரை இருக்காது. ஆகவே ஈட்டுறுதிப் பாலிசி எடுக்கும்போதே மன்னிக்கும் உரிமையில் ஒரு பங்கை நாம் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பிரீமியம் ரூபாயில் மட்டும் கட்டப்படுவதல்ல.

*

தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு நூல் மூட்டையும் இந்தக் கதையில் இடம்பெறுகிறது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற நூற்பாலை 7,70,948 ரூபாய் மதிப்புள்ள பனியன் நூலைக் கல்கத்தாவுக்கு எகனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் வழியாக அனுப்பியது. வண்டி விபத்துக்குள்ளாகிச் சரக்குச் சேதமாயிற்று. நேஷனல் இன்ஷூரன்ஸ் நிறுவனம் 4,47,436 ரூபாய் கொடுத்து, இடமேற்புக் கடிதமும் அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டது. ஆலையும் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து திண்டுக்கல் நுகர்வோர் மன்றத்துக்குப் போயின. நிறுவனத்துக்கு இங்கே என்ன வேலை, அது எப்படி நுகர்வோர் ஆகும் என்று லாரித் தரப்புக் கேட்டது. அந்தக் கேள்வி உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போய், 2010 பிப்ரவரி 17 அன்று பதில் பெற்றது. லாரி நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

நீதிபதி ரவீந்திரன் எழுதிய அத்தீர்ப்பு, இடமேற்பை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. முதலாவது, பணம் கொடுத்தவுடன் எந்தக் கடிதமும் இல்லாமல் நியாயத்தின் அடிப்படையில் தானாகவே வருவது. இரண்டாவது, கடிதத்தால் வரையறுக்கப்படுவது. இவ்விரண்டிலும் உரிமை இழந்தவரிடமிருந்து முற்றிலும் போய்விடுவதில்லை. வழக்கு அவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோதான் நடக்கவேண்டும். மூன்றாவது, இடமேற்போடு உரிமையையும் அடியோடு எழுதிக்கொடுத்துவிடுவது. அப்போது நிறுவனம் தன் பெயரிலேயே வழக்காடலாம், இழந்தவர் விலகிவிடுகிறார்.

இது வக்கீல்களுக்கு மட்டுமான நுணுக்கம் அல்ல என்பதைச் சித்தப்பாவின் கணக்கை வைத்தே காட்டலாம். இழப்பு எண்பதாயிரம், கிடைத்தது அறுபதாயிரம், இன்னும் குறை இருபதாயிரம். லாரிக்காரரிடமிருந்து அறுபதாயிரம் வசூலாகிறது என்று வைத்துக்கொள்வோம். தானாக வரும் இடமேற்பில், முதலில் சித்தப்பாவின் குறையான இருபதாயிரம் தீரவேண்டும். எஞ்சிய நாற்பதாயிரம் நிறுவனத்துக்கு. ‘நாங்கள் கொடுத்தது முதலில்’ என்று கடிதத்தில் ஒரு வரி இருந்துவிட்டால் அறுபதாயிரமும் நிறுவனத்துக்கு, சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஒரே விபத்து, ஒரே உடைசல். ஒரு வரியில் இருபதாயிரம் ரூபாய்.

சித்தப்பா கையெழுத்துப் போட்டார். கூலி பாக்கி இருந்தது; அடுத்த சூளைக்கு விறகு வாங்கவேண்டியிருந்தது. சில மாதங்கள் கழித்து லாரி ஆபீஸ்காரர் கையில் வக்கீல் நோட்டீஸோடு வந்தார். “என்னண்ணே, உங்க பேரு போட்டிருக்கு?” என்றார். “பேரு மட்டுந்தான் என்னுது” என்றார் சித்தப்பா. சட்டத்தின் கண்ணில் அது முற்றிலும் சரியான பதில். ஆனால் எதிரே இருந்தவரின் கண்ணில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் அவர் முகத்தைப் பார்த்து அறிந்தேன்.

சரக்கேற்றிச் செல்பவர் மேல் சட்டம் கடுமையானது. அப்போது நடைமுறையில் இருந்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, சரக்குச் சேதமானால் லாரிக்காரரின் கவனக்குறைவைச் சரக்குக்காரர் நிரூபிக்கவேண்டியதில்லை. மூட்டையைக் கொடுத்தவர் லாரியில் உட்கார்ந்து போவதில்லை. வழியில் என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு வந்த புதிய சட்டம், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக அறிவிக்கவேண்டும் என்கிறது. அந்தக் கெடுவைச் சரக்குக்காரர் தவறவிட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் இடமேற்பும் அத்தோடு வலுவிழக்கிறது. குறைகளோடு சேர்ந்தே உரிமை கைமாறும் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

இரண்டு வருடம் இழுத்து, நாற்பத்தைந்தாயிரத்துக்குச் சமாதானம் ஆயிற்று. லாரி ஆபீஸ்காரர் கடன் வாங்கிக் கட்டினார். அது முழுவதும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. கடிதத்தில் அந்த வரி இருந்ததே. சித்தப்பா ஒரு ரூபாயும் பெறவில்லை, நீதிமன்றத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் வழக்கின் தலைப்பில் முதல் பெயர் அவருடையது.

அவர்களுடைய உறவு முறிந்துவிடவில்லை. அப்படி எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், உண்மையாக இராது. கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா தொடர்ந்து அவரிடமே சரக்குப் போட்டார். மாறியது ஒன்றுதான். அதுவரை வெறும் எண்ணும் கையெழுத்துமாக இருந்த லாரி ரசீதில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்ற ரப்பர் முத்திரை விழத் தொடங்கியது. அந்த முத்திரை முழுக் கவசம் ஆகாது. அப்படிக் குறித்திருந்தாலும் கவனக்குறைவுக்குச் சரக்கேற்றுபவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்று நாத் பிரதர்ஸ் எக்சிம் வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாரி ஆபீஸ்காரருக்கு அது தெரிந்திருந்ததா என்பது முக்கியமல்ல. முன்பு வாய்வார்த்தை இருந்த இடத்தில் இப்போது முத்திரை இருந்தது.

*

உயிருக்கு இடமேற்பு கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். ஆயுள் காப்பீடு ஈட்டுறுதி அல்ல. மனித உயிருக்கு மச்சம் வெட்டி வைக்கமுடியாது. எத்தனை மாற்றுக் குறைந்தது என்று உரைத்துப் பார்க்கவும் முடியாது. ஆகவே சாலை விபத்தில் ஒருவர் இறந்தால், ஆயுள் காப்பீட்டுக் கழகம் தரும் பணம் குடும்பத்தைச் சேரும். விபத்துக்குக் காரணமானவரிடம் கேட்கும் உரிமையும் குடும்பத்திடமே இருக்கும். அந்தக் காப்பீட்டுத் தொகையை விபத்து இழப்பீட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்று ஹெலன் ரெபெல்லோ வழக்கில் 1998இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவ்வாறே இழந்தவர்களின் கையில் நிற்கிறது. பீங்கானுக்கு இல்லாத சலுகை இது.

பீங்கானுக்கும் ஒரு வழி இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே, இன்னார்மேல் இடமேற்பு உரிமையைப் பயன்படுத்தமாட்டோம் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கலாம். பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் இப்படி எழுதிக்கொள்வது வழக்கம். ஒரே வேலையிடத்தில் தோளோடு தோள் நின்று வேலை செய்பவர்கள், ஒரு விபத்தால் வழக்காளிகளாகிவிடக் கூடாது என்பதற்காக. நிறுவனம் சம்மதிக்கும் அல்லது மறுக்கும். சம்மதித்தால் பிரீமியம் சற்றுக் கூடலாம். ஆனால் அதைக் கேட்கவேண்டிய காலம் பாலிசி எடுக்கும் நாள். விபத்துக்குப் பிறகு கேட்டால் அது தானமாகிவிடும்; நிறுவனங்கள் தானம் செய்வதில்லை, செய்யவும் கூடாது. அது மற்ற பாலிசிதாரர்களின் பணம்.

சித்தப்பாவின் பட்டறையில் அதிகம் வார்த்தது ஃப்யூஸ் கட்டைதான். பீங்கான் கட்டைக்குள் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். மின்சாரம் அளவுக்கு மீறி வந்தால், வீட்டிலுள்ள மற்ற எதுவும் எரியாதபடி அது எரிந்து அறுந்துபோகும். காப்பீடும் அப்படித்தான் என்று ஏஜெண்டுகள் அவரிடம் சொல்வார்கள், அவரும் தலையாட்டுவார். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அவர் அந்த உவமைக்குத் தலையாட்டியதில்லை. “கம்பி எரிஞ்சா எரிஞ்சதுதான். யார் பேரைச் சொல்லியும் யார்கிட்டயும் போய்க் கேக்காது” என்பார். பாலிசியை மட்டும் வருடம் தவறாமல் புதுப்பித்துவந்தார்.